கண்ணாராய்ச்சிக் கல்வியும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப்பாடம் சொல்லும் யான் கண்ணோயைப் பற்றிப் பேச முன்வந்தது உங்களுட் சிலர்க்கு வியப்பாகலாம். ஏழாம் வேற்றுமை உருபாகிய 'கண்' என்பது இடத்தைக் குறிக்கும் என்று மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் எனக்கு என் தந்தையார் நினைவு வரும். கண்ணொன்று போயினமையால் வயலில் தமக்கிருந்த இடத்தை இழந்தவர் அவர்.

யான் எட்டாம் வகுப்பிற் பயின்ற ஆண்டு, களத்தில் நெற்சுணை அவர் வலக்கண்ணிற் பட்டது. தாய்ப்பால் விட்டார்கள், பச்சிலைச் சாறு பிழிந்தார்கள், பின்னர்க் கடையிற் கேட்டு வாங்கிய சொட்டுமருந்தை விட்டார்கள். சிவப்புக் குறைந்தது, புண்ணோ உள்ளே வளர்ந்தது. 18-ஆம் நாள் மருத்துவரிடம் சென்றபொழுது கண்ணிற் பூ விழுந்துவிட்டது. ஒற்றைக் கண்ணால் வரப்பின் விளிம்பை மட்டிடவியலாமல் இருமுறை விழுந்தார். அதன்பின் ஏரைத் தொட்டாரில்லை.

அந்நோய் யாதென்று பின்னாளிற் கற்றறிந்தேன். மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை, கீறிய கருவிழியுட் புகுந்து புண்ணாக்குகிறது. ஸ்டீராய்டு கலந்த சொட்டுமருந்து சிவப்பைத் தணிக்கும்; பூஞ்சையையோ வளரவிடும். உழவர்க்கு மிகுதியும் வரும் நோய் இஃது. ஆதலின் நம்மனோர்க்கு இஃது அயல்வீட்டுச் செய்தி அன்று.

இந்நோய்க்கு நேட்டமைசின் என்பது பழைய மருந்து. வோரிகொனசோல் என்பது புதியது. புதியதே சிறந்தது என்று மருத்துவருட் பலர் எண்ணினர். எண்ணுதல் வேறு, அறிதல் வேறு அன்றோ? மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையினரும், சான்பிரான்சிஸ்கோவிலுள்ள பிராக்டர் ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி இதனை ஆராய்ந்தனர். நோயாளிகள் 323 பேரைத் திருவுளச்சீட்டுப் போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பழைய மருந்தையும் மற்றவர்க்குப் புதியதையும் அளித்தனர். எவர்க்கு எம்மருந்து என்பதை நோயாளியும் அறியார். பரிசோதித்த மருத்துவரும் அறியார். 2013-இல் முடிவு வெளியாயிற்று. பழைய மருந்தே பார்வையை நன்கு காத்தது. கருவிழி துளைபடுதலும் அதனாற் குறைந்தது. பியூசேரியம் என்னும் பூஞ்சையினத்தில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாக விளங்கிற்று. இவ்வாராய்ச்சி நிகழ்ந்திராவிடில், நன்மை செய்வதாக எண்ணியே குறைந்த மருந்தைக் கொடுத்திருப்பர்.

இத்தகைய ஆராய்ச்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னைக் கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. அங்குப் பணிபுரிந்த எலியட் என்பார், கண்ணீரழுத்த நோய்க்குத் தாம் கண்ட அறுவைமுறையை 1909-இல் வெளியிட, உலகம் அதனை ஏற்றது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 சிறாரைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி 1990-இல் வெளிவந்தது. வாரந்தோறும் சிற்றளவாக வைட்டமின் ஏ பெற்ற சிறாருள் இறந்தோர் தொகை, பெறாதாரினும் பாதிக்குக் குறைவாயிற்று. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காத்தது!

இக்கல்விக்கு வழிகள் பல உள. மருத்துவப் பட்டம் பெற்றோர் மூன்றாண்டு பயின்று கண் மருத்துவத்தில் எம்.எஸ். ஆவர். பார்வையியல் பயில்வோர் நான்காண்டில் இளநிலையும், ஈராண்டில் முதுநிலையும் முடிப்பர். உயிரியல், பௌதிகம் பயின்றோரும் பார்வை பற்றிய ஆராய்ச்சியிற் புகலாம். எவ்வழி வந்தோரும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு மூன்றாண்டேனும் செலவிடுதல் வேண்டும்.

இனி, யான் பேசவந்ததற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மரபிற் பிறந்த பெண்ணொருத்தி பார்வையியலில் முதுநிலை முடித்து, கருவிழிப் புண்ணிலுள்ள பூஞ்சையை விரைந்து இனங்காணும் வழியை ஆராய இடம்பெற்றிருக்கிறாள். நம் கல்வி நிதிக்கு அவள் விடுத்த விண்ணப்பம் நான்கு திங்களாய்க் கிடக்கிறது. 'பட்டப்படிப்பிற்கு மட்டுமே உதவி' என்பது விதி. 'கட்டில் போட்டு நோயாளியைப் பார்க்காத படிப்பு எதற்கு? வயதும் ஏறுகிறதே' என்கின்றனர் சிலர்.

அவர்களைக் குறைகூறேன், பெற்றோர் கவலை யான் அறியாததன்று. மருத்துவரொருவர் தம்மிடம் வந்தாரைக் காப்பர். ஆராய்ச்சியாளரோ எல்லா மருத்துவர் கைக்கும் ஒளி தருவர். தேசியத் தேர்வில் வென்றார்க்கு அரசாங்க உதவித்தொகை உண்டு. 2023 தொடக்கத்திலிருந்து அது திங்களுக்கு 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆயினும் அத்தேர்வில் வெல்லும்வரையும், வென்றபின் பணம் கைக்கு வரும்வரையும் உண்ணவும் உறையவும் வழி வேண்டுமன்றோ? அவ்விடைவெளியை நாம் நிரப்பினாற் போதும்.

ஆகவே, நிதிவிதியில் 'ஆராய்ச்சிக் கல்விக்கும்' என்னும் ஒரு தொடரைச் சேர்க்குமாறு நிர்வாகப் பெரியோரை வணங்கி வேண்டுகிறேன். அதற்கு முதற்காணிக்கையாக என் ஒருமாதச் சம்பளத்தை இச்சபையில் இப்பொழுதே செலுத்துகிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கண்ணிற் சுணையோ தூசியோ பட்டுச் சிவந்தால், தாய்ப்பாலும் பச்சிலையும் வேண்டா, கடைமருந்தும் வேண்டா. அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். என் தந்தையார் இழந்த அப் 18 நாட்களை உங்கள் வீட்டில் எவரும் இழத்தலாகாது.