ஒற்றைத் தலைவலி பாசாங்கன்று



ஒற்றைத் தலைவலியால் வருந்தும் பெண்டிரைப் பாசாங்கு செய்கின்றனரென்று இகழும் வீட்டார் இன்றும் பலர். அந்நோய் மெய்யென்பதற்கு விஞ்ஞானம் சான்று பகர்கின்றது. 1990-ஆம் ஆண்டில் கோட்ஸ்பி, எட்வின்சன் முதலிய ஆராய்ச்சியாளர், வலி மூண்டிருக்குங்கால் நோயாளரின் கழுத்துநாள இரத்தத்தைச் சோதித்து, நரம்புகள் வெளியிடும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருள் அதில் மிகுந்திருத்தலைக் கண்டனர். அப்பொருளின் செயலைத் தடுக்கும் ஊசிமருந்து 2018-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

ஆயினும், நோயை நிர்ணயிக்கத் தனி இரத்தப் பரீட்சை இன்றளவும் வழக்கில் இல்லை. ஸ்கேன் படமும் வேறு நோயுண்டோவென்னும் ஐயத்தை நீக்கவே உதவும். வலி எத்தனை மணி நீடித்தது, துடித்ததா, குமட்டிற்றா, வெளிச்சம் கூசிற்றா என்று வினவியே வைத்தியர் தெளிகின்றனர். ஆதலின் நோயாளியின் வாய்மொழியே பிரதான ஆதாரம். அதனைப் பொய்யென்று அடக்குவோர் சிகிச்சையின் வாயிலையே அடைக்கின்றனர். இகழாது கேளுங்கள், வலி வந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.