ஒரு வெள்ளியும் ஒரு நாள் உழைப்பும்

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்த நிதி திரட்டும் குழுக்களின் கூட்டத்தில், ஜொகூர் தோட்டக் கிராணிமார் சார்பில் ஆற்றிய உரை)



பாலம் தாண்டி வந்திருக்கும் நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். காலையில் பெரட்டுக்குப் பேர் கூப்பிட்டு, மதியம் பால் நிறுத்துக் கணக்கு எழுதுகிற கிராணிகள். எங்களை ஏன் அழைத்தீர்கள் என்று வழியெல்லாம் யோசித்தோம். பணம் சேர்ப்பதில் நாங்கள் ஒரு முறை நன்றாகத் தோற்றவர்கள். ஒருவேளை அதற்காகத்தான் இருக்கும்.

நீங்கள் எடுத்திருக்கும் காரியம் எங்களுக்குப் புதிதல்ல. இந்த ஊரில் சாரத்திலிருந்து விழுந்தவன், இயந்திரத்தில் விரல் கொடுத்தவன், நட்ட ஈட்டுக்காக மாதக் கணக்கில் காத்திருக்கிறான். வேலை அனுமதி போய்விட்டது. கையில் இருக்கும் சிறப்புச் சீட்டைக் கொண்டு வேலை செய்ய முடியாது. ஊருக்கும் போக முடியாது, இங்கே சோற்றுக்கும் வழியில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2008-ஆம் ஆண்டு இதே லிட்டில் இந்தியாவில், கஃப் சாலையில், டி.டபிள்யூ.சி. டூ என்னும் தொண்டு அமைப்பு இலவசச் சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி ஒரு பந்திக்கு அரிசியும் பருப்பும் வாங்கத்தான் நீங்கள் குழு குழுவாகக் கிளம்பியிருக்கிறீர்கள்.

எங்கள் தோல்வியைச் சொல்லிவிடுகிறோம். மரத்தடியில் விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு பால்வெட்டுத் தாயாருக்கு உதவ விருந்து வைத்தோம். மண்டபம் பிடித்தோம், பாட்டுக் கச்சேரி வைத்தோம், தலைவர்களுக்கு மாலை வாங்கினோம், பெரிய பெரிய பதாகை கட்டினோம். கூட்டமும் குறைவில்லை. மறுநாள் கணக்குப் பார்த்தால், வந்ததில் பாதிக்கு மேல் வாடகைக்கும் கறிக்கும் போய்விட்டது. அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இவ்வளவுக்கா இத்தனை சத்தம்?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் பெரியவர்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்று விசாரித்தோம். இந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1950-களில், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரும் பேச்சு எழுந்தது. தமிழா, சமஸ்கிருதமா என்ற வாதமும் கூடவே எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் வாதத்தோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். செல்வர் நாலு பேரைப் பார்த்து முடித்துக்கொள்ளவில்லை பாருங்கள்! துறை 1956-இல் வந்தது. ஒரு வெள்ளி கொடுத்தவனுக்கு அந்தத் துறை 'நம்முடையது' ஆயிற்று.

சீனத் தோழர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக 1953-இல் டான் லார்க் சை அவர்கள் 50 லட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னார். அவர் ரப்பர் முதலாளி; அந்தப் பணத்தில் நம் இனத்தார் வெட்டிய பாலும் இருந்திருக்கும், அது வேறு கதை. நாங்கள் வியப்பது அவரை அல்ல. 1954-இல் டிரைஷா மிதிப்பவர்கள் தங்கள் வண்டி ஓட்டி வந்த வருமானத்தை அப்படியே அந்த நிதிக்குக் கொடுத்தார்கள். அவர்களிடம் சேமிப்பு இல்லை. கால் இருந்தது, அதைக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 1946-இல், ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைக் கூடத்தில் நடனமாடிய பெண்கள், ஏழைப் பிள்ளைகளுக்காகக் கேலாங்கில் ஓர் இலவசப் பள்ளியே நடத்த முன்வந்தார்கள். ஊர் அந்தப் பெண்களை எப்படிப் பேசியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தோழர்களே, யோசனை கேட்டீர்களே, எங்கள் யோசனை இதுதான்: உங்கள் குழுவில் யார் கையில் என்ன தொழில் இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். முடி வெட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால், ஒரு ஞாயிறு நாற்காலி போடுங்கள். வரும் கூலி முழுவதும் நிதிக்கு. பூக்கட்டும் அம்மாமார் இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமைச் சரம். சமையல் தெரிந்தவர் ஐம்பது பொட்டலம் எலுமிச்சைச் சாதம் கட்டி, முன்கூட்டியே பேர் வாங்கிய பிறகு மட்டும் அடுப்பு மூட்டட்டும். மீந்த சோறு நிதியைத் தின்றுவிடும். எங்கள் தோட்டத்தில் விருந்துக்குப் பதில், அடுத்த முறை ஒரு ஞாயிற்றுக் கைக்காசு வெட்டையும், அன்றைய கட்டிப்பாலையும் நிதிக்கு விட்டோம். மண்டபமும் இல்லை, மாலையும் இல்லை. கிராணிகளுக்கு வெட்டத் தெரியாது என்று எங்களை மங்கு கழுவ விட்டார்கள். விருந்தில் மிஞ்சியதைவிடக் கூடுதலாகவே வந்தது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஞாயிறு மாலை இங்கே கூடும் தம்பிமாரில் பலர் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனே இன்னும் தீராதவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே உண்டியலைக் குலுக்காதீர்கள். கொடுப்பார்கள், அதுதான் பயம். அவர்களிடம் பணம் வேண்டாம், பந்தி பரிமாற ஒரு மணி நேரம் கேளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க இந்த ஊரில் அனுமதி வேண்டும். கொடி நாள் உண்டியல் தூக்குபவர் கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் போகக்கூடாது. திரட்டும் செலவு, வந்த பணத்தில் நூற்றுக்கு 30-ஐத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. எங்கள் விருந்தை இங்கே வைத்திருந்தால் அன்றே மாட்டியிருப்போம்! 2005-இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் விவகாரம் நீதிமன்றத்தில் வெளிவந்தபோது, தங்க முலாம் பூசிய ஒரு குழாயின் கதை ஊரெல்லாம் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாதக் கொடையை நிறுத்திவிட்டார்கள். அதில் வாடியது சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளியின் மனம்.

எனவே கணக்கை இருவர் எண்ணி இருவரும் கையெழுத்திடுங்கள். 50 காசு கொடுத்தவருக்கும் ரசீது கொடுங்கள். வரவையும் செலவையும் கரும்பலகையில் எழுதிப் பந்தி நடக்கும் இடத்திலேயே வையுங்கள். சாப்பிட வருகிறவரும் படிக்கட்டும்.

எழுதுவதற்குக் கை வேண்டுமென்றால், அடுத்த ஞாயிறு எங்களில் இருவர் காலை முதல் பேருந்தில் வந்துவிடுகிறோம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.