மண்ணின்றி விளையும் கோசுக்கிழங்கு



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைத் தாண்டிப் பாறசாலைக்கு முன்னால் அமைந்த ஊர் அமரவிளை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே இவ்வூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், இருந்த வீட்டை விட்டு ஓரடியும் பெயராமலே வேற்று மாநிலத்தவராயின. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவருக்கு இந்நிலை புரியாததன்று.

தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் ‘விளை’ என்றால் தென்னையும் மரச்சீனியும் வாழையும் நிற்கும் மேட்டு நிலத் தோட்டம். ஊர்ப் பெயரிலேயே தோட்டத்தைத் தாங்கியுள்ள இப்பகுதியில், இன்று பல வீடுகளுக்கு ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலமே மிச்சம். வீட்டையும் கிணற்றையும் கழித்தால், ஒரு பாத்தி கீரைக்கும் இடம் அரிது. நகரத்து மாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கோ அதுவுமில்லை. இந்நிலையில், மண்ணே இல்லாமல், வீட்டறைக்குள் பயிர் வளர்க்கலாம் என்னும் செய்தி நம்மை ஈர்ப்பது இயல்பே. அது எவ்வளவு மெய், எவ்வளவு ஆசைவார்த்தை என்பதை, வடநாட்டார் ‘சல்கம்’ என்றும் நாம் டர்னிப் அல்லது கோசுக்கிழங்கு என்றும் வழங்கும் பயிரை வைத்துச் சிந்திப்போம்.

மண்ணில்லா வேளாண்மை நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1699-இல் ஜான் உட்வர்டு என்னும் ஆங்கில அறிஞர், பலவகை நீரில் புதினாச் செடியை வளர்த்துச் சோதித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய விஞ்ஞானிகளான சாக்ஸ், நாப் ஆகியோர், செடிக்கு வேண்டிய உப்புகளை நீரில் கரைத்துக் கொடுத்தால் மண் இல்லாமலே அது வளரும் என்று நிறுவினர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கெரிக், 1930-களில் பெரிய தொட்டிகளில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட தக்காளிச் செடிகளை வளர்த்துக் காட்டி, 1937-இல் இம்முறைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரைப் பரப்பினார். நம் நாட்டில், 1946-இல் வங்காளத்துக் காலிம்பொங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் சோதனைகளைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகளை நாடாமல், சரளையும் மணலும் கைவாளியும் கொண்டே நடத்தக்கூடிய முறையை அவர் வகுத்தார். ‘வங்காள முறை’ என்று பெயர் பெற்ற அதனை விளக்கும் அவருடைய நூல் 1951-இல் வெளிவந்தது. ஏழை நாட்டுக்கு ஏற்ற எளிமையே அதன் சிறப்பு. நாம் பின்பற்ற வேண்டுவதும் அதுவே.

இனிப் பயிரைக் கவனிப்போம். டர்னிப் குளிர்ச்சியை விரும்புவது. 15 முதல் 20 பாகை வெப்பத்தில் அதன் கிழங்கு மென்மையாகத் திரளும். நீலகிரியில் அது செழிப்பதற்கும், அமரவிளையில் திறந்த வெளியில் தயங்குவதற்கும் காரணம் அதுவே. நெய்யாற்றங்கரையில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் டர்னிப்பில் ஐரோப்பிய இனம், ஆசிய இனம் என இருவகை உண்டு. ஆசிய இனம் வெப்பத்தை ஓரளவு தாங்கும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தந்த ‘பூசா சுவேதி’ அவ்வினத்தைச் சேர்ந்தது. 40 முதல் 45 நாட்களில் பறிக்கலாம். வெப்ப நாட்டில் முயல்வோர் ‘பர்ப்பிள் டாப்’ போன்ற சீமை விதையை நாடாமல், இத்தகைய விதையையே தேர்தல் நன்று. துலாவர்ஷம் ஓய்ந்து காற்றுச் சற்றே குளிரும் கார்த்திகையில் விதைப்பது பொருத்தம்.

வேர் பிடித்து நிற்க ஊடகம் ஒன்று வேண்டும். கீரையைப் போல வெறும் நீரில் மிதக்கவிட்டால் கிழங்கு அழுகும். தென்னை நாட்டில் ஊடகத்துக்கு அலைய வேண்டியதில்லை; கயிற்றுத் தொழிலில் எஞ்சும் தென்னைநார்க் கழிவே போதும். ஆனால் காயல் நீரில் ஊறிய மட்டையின் கழிவில் உப்பு மிகுந்திருக்கும். அதை நல்ல நீரில் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, மறுபடி அலசிப் பிழிந்து, மூன்றில் ஒரு பங்கு பருமணலோ சிறு சரளையோ கலக்க வேண்டும். ஓர் அடி ஆழமும், அடியில் வடிதுளைகளும் உள்ள தொட்டி தக்கது.

டர்னிப்பின் ஆணிவேர் பெயர்த்து நடுவதைப் பொறுக்காது. ஆகையால் விதையைத் தொட்டியிலேயே, அரை அங்குல ஆழத்தில் இட வேண்டும். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். இரண்டு மூன்று இலை விட்டதும், செடிக்குச் செடி நான்கைந்து அங்குலம் இருக்குமாறு களைந்துவிட வேண்டும். களைந்த இளஞ்செடி கறிக்கு உதவும். களையாத தொட்டியில் இலைதான் மிஞ்சும், கிழங்கு திரளாது.

உணவுக் கரைசலில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகியவையும், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான் போன்ற நுண்சத்துகளும் அடங்கும். லிட்டருக்கு மொத்தம் ஒன்று முதல் இரண்டு கிராம் உப்பே போதுமானது. கால்சியம் நைட்ரேட்டைப் பிற உப்புகளின் கெட்டிக் கரைசலோடு சேர்த்தால் கரையாத பொருளாகப் படிந்துவிடும். ஆகவே இரு கலங்களில் தனித்தனியே கரைத்து, நிறைய நீரில் கலப்பதே முறை. தழைச்சத்து மிகுந்தால் இலை தழைத்துக் கிழங்கு சிறுக்கும். போரான் குறைந்தால் கிழங்கின் நடுப்பகுதி பழுப்பேறிக் கெடும். கூடினாலோ இலையோரம் தீயும். பத்து லட்சம் பங்கு நீரில் அரைப் பங்கு போரான் என்பது வழக்கமான அளவு.

நீரையும் சோதிக்க வேண்டும். கரைசலின் அமிலகாரக் குறியீடு 6-க்கும் 6.5-க்கும் இடையே நிற்றல் நன்று. அமரவிளைப் பக்கத்து வெட்டுக்கல் நிலக் கிணறுகளின் நீர் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. வடநாட்டு நகரங்கள் பலவற்றில் நீர் கடினமாகவும் காரமாகவும் இருக்கும். ஒரே மருந்து இரு ஊருக்கும் பொருந்தாது. சோதனைத்தாள் கொண்டு பார்ப்பது சிறு செலவு. ஊடகத்தில் உப்புத் தேங்காதிருக்க, வாரம் ஒருமுறை வெறும் நீரை ஊற்றி வடியவிடுதல் வேண்டும்.

அடுத்தது ஒளி. சன்னலோரத்து வெளிச்சம் கீரைக்கு எட்டும். கிழங்கு திரளப் போதாது. இரண்டடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் உள்ள தொட்டிக்கு 30 வாட் விளக்கொன்றை, நாளொன்றுக்கு 12 மணி நேரம், 50 நாள் எரிப்பதாகக் கொள்வோம். செலவாகும் மின்சாரம் 18 யூனிட். தொட்டியில் பதினைந்து செடி நிற்கும். எல்லாம் நன்கு அமைந்தால் ஒன்றரைக் கிலோ கிழங்கு கிடைக்கலாம். உங்கள் ஊர் மின்கட்டணத்தால் பெருக்கி, விதை, உப்பு, தொட்டி, விளக்கு ஆகியவற்றின் விலையையும் சேர்த்துச் சந்தை விலையோடு ஒப்பிட்டால், விடை தெளிவாகும். கிழங்குக்காக மட்டும் வீட்டறையில் டர்னிப் வளர்ப்பது நட்டமே.

இதனை நாம் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்து ஊர் திரும்புவோர் எல்லைக் கிராமங்களில் பலர். ‘அறைக்குள் பண்ணை, மாதந்தோறும் வருமானம்’ என்ற விளம்பரம் அவர்களுடைய சேமிப்பைத்தான் குறிவைக்கும். ஒரு தொட்டியில் விளையாத ஆதாயம் நூறு தொட்டியில் விளைந்துவிடாது. நட்டமே நூறு மடங்காகும். கடன் வாங்கி இத்தொழிலில் இறங்குவது தகாது. விற்பனைக்கு வளர்ப்பதானால், விரைவில் பறிக்கும் கீரை வகைகளில் சிறு அளவில் தொடங்கி, வாங்குவோரை உறுதி செய்துகொண்ட பின்பே விரிவாக்க வேண்டும்.

அப்படியாயின் இம்முயற்சியே வீணா? அன்று. வெயில் படும் மாடமோ மொட்டைமாடியின் ஓரமோ இருந்தால், விளக்குச் செலவு நீங்கும். மழைக்கு ஒரு மறைப்பு மட்டும் வேண்டும். மேலும் டர்னிப்பின் இலை, கிழங்கைவிடச் சத்து மிகுந்தது. ‘ஏ’, ‘சி’ உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச் சத்தும் அதில் நிறைய உண்டு. ஒவ்வொரு செடியிலும் வெளியிலை ஒன்றிரண்டைக் கிள்ளி, தேங்காய் சேர்த்துத் துவரன் செய்யலாம். கிழங்கைத் தீயலிலோ சாம்பாரிலோ இடலாம்.

இவற்றினும் பெரிய பயன் ஒன்றுண்டு. வேற்று மாநிலத்தில் நான்காம் மாடியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள், விதை முளைப்பதையும் வேர் திரள்வதையும் கண்ணால் கண்டதில்லை. பாட்டனாரின் விளையை அவர்களுக்கு நாம் கொடுக்க இயலாது. ஒரு தொட்டியை அவர்கள் பொறுப்பில் விட்டு, நாள்தோறும் நீரளவும் இலை எண்ணிக்கையும் குறித்துவரச் சொல்ல இயலும். அந்த ஐம்பது நாளில் அவர்கள் கற்பது, ஒன்றரைக் கிலோ கிழங்கின் விலையில் அடங்காது. தொட்டி ஒன்றோடு தொடங்குங்கள். கணக்கை மறைக்காமல் எழுதுங்கள்.