கற்றதைப் பகிர்வதும் ஒரு தொண்டே

(ஆலயத் தொண்டர் கருத்தரங்கில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



பணியிடக் கல்விக்கு வலைப்பூவும் சமூக ஊடகமும் எவ்வாறு உதவும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கரும்பலகையில் பாடம் நடத்தியவருக்கு இந்தத் தலைப்பா என்று சிலர் எண்ணலாம். கருவிதான் புதியது, கற்கும் முறை மிகப் பழையது. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டில் படிப்பது ஒரு பாதி. அறிந்தவரிடம் கேட்டுப் பெறுவது மறுபாதி.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் ஜூலியன் ஓர் என்னும் மானிடவியல் ஆய்வாளர், நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியாளர்களுடன் சென்று அவர்கள் வேலையை ஆராய்ந்தார். 1996-ஆம் ஆண்டு அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. நிறுவனம் கொடுத்த கையேட்டில் அடங்காத பழுதுகள் பல இருந்தன. ஓய்வு நேரத்தில் ஒன்றாக அமர்ந்து, "இயந்திரம் இப்படிக் கோளாறு செய்தது, நான் இப்படிச் சரிசெய்தேன்" என்று பேசிக்கொண்ட கதைகளே அவர்களுக்குப் பெரும் பாடமாக அமைந்தன.

அத்தகைய அனுபவங்களைச் சேர்த்து வைப்பதற்காக 1990-களில் அந்நிறுவனம் "யுரேகா" என்ற ஏற்பாட்டைச் செய்தது. ஒருவர் குறிப்பு எழுதுவார். அனுபவமுள்ள சக பணியாளர்கள் சரிபார்ப்பார்கள். பிறகு எழுதியவர் பெயருடன் அது மற்றவர்களுக்குக் கிடைக்கும். இந்த மூன்று படிகளையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

சிங்கப்பூரில் 2015-ல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் நாம் வகுப்புகளுக்குச் செல்ல உதவுகிறது. ஆனால் எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடங்கள் நம் ஆலயத்திலேயே உள்ளன. குடமுழுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அடுத்த குடமுழுக்கின்போது இன்றைய குழுவில் எத்தனை பேர் இருப்போம்? யாகசாலைக்கு எவ்வளவு இடம் வேண்டும், கூட்டத்தை எந்த வாசல் வழியே விடுவது, மழை வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் யார் நினைவில் இருக்கும்? தமிழகத்திலிருந்து வந்து பல ஆண்டுகள் மடைப்பள்ளியில் உழைத்தவர் ஊர் திரும்பினால், ஆயிரம் பேருக்கு உலை வைக்கும் கணக்கும் அவருடனேயே போய்விடுகிறது.

இங்கேதான் கருவிகளின் குணம் அறிந்து பயன்படுத்த வேண்டும். வாட்ஸ்அப் குழு ஓடும் ஆறு. "சாமான் அறைச் சாவி யாரிடம்?" என்று கேட்டால் நொடியில் பதில் வரும், ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு இடையே நல்ல குறிப்பும் அடித்துச் செல்லப்படும். வலைப்பூ குளம் போன்றது. அங்கே தேதியுடனும் தலைப்புடனும் எழுதி வைத்தால், பராமரிக்கும் வரை பல ஆண்டு கழித்தும் தேடி எடுக்கலாம். ஆகவே, கேட்பதற்குக் குழு, காப்பதற்கு வலைப்பூ.

எழுத வராதே என்று தயங்க வேண்டாம். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே கைத்தொலைபேசியில் தமிழுக்கு வழி திறந்தது. எழுத இயலாத பெரியவர் பேசட்டும். இளைய தொண்டர் ஒருவர் அதைப் பதிவு செய்து எழுதிக் கொடுக்கட்டும். பெரியவர் பெயரைப் போட மறக்க வேண்டாம். அறிவுக்கு உரியவருக்குச் செய்யும் மரியாதை அது.

சில எச்சரிக்கைகளும் தேவை. சரிபார்க்காத செய்தியைப் பரப்புவது கல்வியாகாது. மின்சாரம், எரிவாயு, உணவுத் தூய்மை ஆகியவற்றில் முறையான பயிற்சிக்குப் பதிலாகக் காணொளியை நம்பக் கூடாது. நன்கொடையாளர் விவரம், அடையாள அட்டை எண் போன்றவை ஒருபோதும் குழுவில் வரக் கூடாது. 2012-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் உண்டு.

தொழில் நடத்தும் நன்கொடையாளப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பணியாளர் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று யாரும் நகைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க அஞ்சும் இடத்தில் எந்தக் கருவியும் கல்வியைத் தராது. எழுதுவதற்கு வேலை நேரத்தில் வாரம் அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

பொருளைக் கொடுப்பது தானம். அறிந்ததை அடுத்தவருக்கு விட்டுச் செல்வதும் அதற்குக் குறைந்ததன்று. வரும் திருவிழா முடிந்த வாரத்திலேயே, ஒவ்வொரு பிரிவும் ஒரு பக்கமேனும் எழுதித் தர வேண்டுகிறேன். எல்லாம் வல்ல இறைவன் அருளால் இப்பணி சிறக்கட்டும்.