கேட்காத கேள்விக்கு விடை தேடலாமா?

2021ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒரு காசுக் கணக்கு வந்தது. பெற்றோரிடையே அது பெரிய பேச்சானது நினைவிருக்கும்.

ஹெலன், ஐவன் இருவரிடமும் நாணயங்களின் எண்ணிக்கை சமம். எல்லாமே 50 காசு, 20 காசு நாணயங்கள். ஹெலனிடம் 20 காசு 64, ஐவனிடம் 104. ஹெலனின் நாணயங்களின் மொத்த எடை 1.134 கிலோகிராம். யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? 50 காசு நாணயம் ஒவ்வொன்றும் 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் எடை என்றால், ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோ?

இதைப் பார்த்ததும் பிள்ளைகள் பலர் 50 காசு மொத்தம் எத்தனை என்று தேடப் புறப்படுகிறார்கள். அதை யாரும் கேட்கவே இல்லையே!

பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கணக்கை முதலில் வாயால் சொல்லட்டும், தமிழிலேயே சொல்லட்டும். "எனக்கு ஆங்கிலம் வராது, துணைப்பாட ஆசிரியர் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கும் தாய்மார்களைத்தான் நான் மனத்தில் வைத்துப் பேசுகிறேன். உங்களுக்குப் புரியும்படி பிள்ளை சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

அடுத்து, 1980களில் நம் பாடத்திட்டத்துக்கு வந்த 'மாடல்' படம். சம நீளத்தில் இரண்டு பட்டை வரையுங்கள். ஐவனின் பட்டையில் 20 காசு 40 கூடுதல். நீளம் சமம் என்பதால் ஹெலனின் பட்டையில் 50 காசு 40 கூடுதலாக இருந்தே ஆகவேண்டும். மற்றவை ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஆக, ஐவனிடம் 20 காசாக இருக்கும் 40 நாணயங்கள் ஹெலனிடம் 50 காசாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 30 காசு வித்தியாசம். 40 முறை 30 காசு, 12 வெள்ளி. ஹெலனிடம்தான் அதிகம்.

உயர்நிலைப் பள்ளியில் இதையே x + 64 = y + 104 என்று எழுதுவார்கள். xஐயும் yஐயும் தனித்தனியே கண்டுபிடிக்க முடியாது; x – y = 40 என்பதே போதும். பட்டை வரைந்து பழகிய பிள்ளைக்கு இயற்கணிதம் அந்நியமாகத் தெரியாது.

எடைக்கும் அதே 40தான். 40 முறை 2.7, 108 கிராம். ஐவனுடையது அவ்வளவு குறைவு. 1,134இல் 108 போனால் 1,026 கிராம். கேட்டது கிலோவில். 1.026 என்று மாற்றி எழுதினால்தான் முழு மதிப்பெண்.