கருவியா, பயிற்சியா?

எதிரணி நண்பர் கேட்டார்: "நல்ல கேமரா இல்லாம டைரக்ஷன் எப்படிங்க கத்துக்கிறது?"

ஐயா, 1919இல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கினார்கள். உள்நாட்டுப் போர்க்காலம். ரொட்டிக்கே பஞ்சம், பிலிமுக்குக் கேட்கவா வேண்டும்? ஆசிரியர் குலஷோவ் என்ன செய்தார் தெரியுமா? பிலிமே இல்லாமல் படம் எடுக்கச் சொன்னார்! (சிரிப்பு) மாணவர்கள் மேடையிலேயே ஷாட் ஷாட்டாகப் பிரித்து நடித்தார்கள். எது குளோசப், எது தூரக் காட்சி, ஒருவர் திரும்பிப் பார்த்தால் அடுத்து எதைக் காட்டுவது என்று முன்பே யோசித்தாக வேண்டுமே! அவரிடம் படித்த புதோவ்கின்தான் 1926இல் 'தாய்' படத்தை எடுத்தவர்.

இன்றைக்கு வீட்டுக்கு வீடு செல்போன் கேமரா. கல்யாணத்தில் இரண்டு மணி நேரம் எடுக்கிறோம். இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்க்க முடியலையே, ஏன்? பட்டனை அழுத்தக் கத்துக்கிட்டோம். எதை விடணும்னு கத்துக்கலை! (கைதட்டல்)

"கேமரா வாங்கித் தந்தாத்தான் டைரக்டர் ஆவேன்"னு பிள்ளை அடம்பிடிச்சா, உடனே கடன் வாங்கப் போயிடாதீங்க. தாளும் பென்சிலும் கொடுங்க. "ஒருத்தர் கதவைத் திறந்து வந்து உட்கார்றார், அஞ்சு ஷாட்டில் எழுதிக் காட்டு"ன்னு சொல்லுங்க. எழுதட்டும், அப்புறம் கேமராவைப் பற்றிப் பேசலாம்.

பயிற்சியே பெரிது என்று கூறி அமர்கிறேன்.