பொம்மையும் பொத்தானும்

பொம்மையைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலி நிலையத்திற்கு வரவேண்டுமா என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகையுங்கள், ஆனால் சற்றே பொறுத்துக் கேளுங்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்தும் நான் கல்லாத பாடம் ஒன்றை, பஞ்சடைத்த நாய்க்குட்டி ஒன்று எனக்குக் கற்பித்தது.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். மூளை முடக்குவாதம் உடையவள். பேச்சு வராது. ஒரு பொருளைப் பற்ற முயலும்போதே அவள் விரல்கள் இறுக மூடிக்கொள்ளும். கை வேறு பக்கம் விலகிவிடும். "இதற்கு ஒன்றும் தெரியாது" என்று உறவினர் அவள் முன்னிலையிலேயே கூறுவர். அவளோ கூறுபவர் முகத்தையே நோக்கிக்கொண்டிருப்பாள். அந்த நோக்கு என் நெஞ்சை உறுத்திற்று.

அவளுடைய தாய்மாமன் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்பவர். அவர் ஒரு பொம்மை நாயை வாங்கி வந்தார். முன்னங்காலை அழுத்தினால் அது பாடும். பிறர் அழுத்தினால் சிறுமி சிரிப்பாள். பாட்டு நின்றதும் தானே அழுத்த முயன்று, இயலாமல் வியர்ப்பாள். "ஐயா, நீங்கள் விஞ்ஞான வாத்தியார் அல்லவா? அவளே அதைப் பாடவைக்க ஒரு வழி சொல்லக்கூடாதா?" என்று தாய் கேட்டாள்.

எளிய வழி என எண்ணி முதலில் ஒன்று செய்தேன். இரு மெல்லிய செப்புத் தகடுகளுக்கிடையே அட்டையை வைத்து, பொம்மையின் மின்கலத்திற்கும் அதைத் தொடும் உலோகத்திற்கும் நடுவே செருகினேன். இரு தகடுகளிலிருந்தும் கம்பி எடுத்து, வெளியே ஒரு பெரிய ஸ்விச்சில் சேர்த்தேன். இது நீங்கள் படித்த தொடரிணைப்பு. இயக்கி விட்டால் ஓடிக்கொண்டேயிருக்கும் கார் போன்ற பொம்மைகளுக்கு இதுவே போதும். ஆனால் எங்கள் நாய் பாடவில்லை. மின்சாரம் வந்ததும் அது விழித்துக்கொள்ளும். காலை அழுத்தும் வரையில் வாய் திறவாது. பொம்மையின் இயல்பை அறியாமல் வேலையில் இறங்கியது என் பிழை.

பின்னர் அதன் காலின் தையலைப் பிரித்தேன். உள்ளே சிறு பொத்தானும் இரு மெல்லிய கம்பிகளும் இருந்தன. அவற்றை அறுக்காமல், மேலுறையைச் சிறிது நீக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு புதிய கம்பியை ஈயப்பற்று வைத்து இணைத்தேன். பற்றிய இடங்கள் ஒன்றையொன்று தொடாதபடி காப்பு நாடா சுற்றினேன். புதிய கம்பிகளின் முனையில் 3.5 மில்லிமீட்டர் செருகுதுளை ஒன்றைப் பொருத்தினேன். உலகெங்கும் இத்தகைய ஸ்விச்சுகளுக்குப் பெரும்பாலும் வழங்கும் அளவு அதுவே. இது பக்க இணைப்பு. ஒரே வீட்டிற்கு இரு வாயில்கள் வைத்தது போல, பழைய பொத்தானை அழுத்தினாலும் நாய் பாடும். புதிய ஸ்விச்சை அழுத்தினாலும் பாடும்.

ஸ்விச்சையும் நாங்களே செய்தோம். இரு தடித்த அட்டைகளின் உட்புறத்தில் அலுமினியத் தாள்; இடையே நடுவில் துளையிட்ட மெத்தென்ற ரப்பர். ரப்பரையும் மேலுறைக்கான தோல் துண்டையும் தாய்மாமன் கொணர்ந்தார். பிரித்த தையலையும் அவரே தைத்தார். தைத்த இடம் தெரியவில்லை.

அதை எங்கே வைப்பது? கையருகே வைக்க எண்ணினேன். வேலூரில் சிறுமிக்குப் பயிற்சி அளிக்கும் அம்மையார் என்னைத் திருத்தினார். கையைத் தேட வேண்டாம், அவள் சொற்படி கேட்கும் அசைவைத் தேடுங்கள் என்றார். தலையை இடப்புறம் திருப்ப அவளால் முடிந்தது. ஆகவே நாற்காலியில் அவள் இடக் கன்னத்தருகே ஸ்விச்சைப் பொருத்தினோம்.

மனத்திற்குள் எண்ணத் தொடங்கினேன். இருபது வரை ஒன்றும் நிகழவில்லை. என் கை தானாகவே பொம்மையை நோக்கி நீண்டது. "பொறுங்கள், ஐயா" என்றாள் தாய். முப்பத்து நான்கில் தலை மெல்லத் திரும்பிற்று, நாய் பாடிற்று. தற்செயலோ என ஐயுற்றேன். பாட்டு முடிந்ததும் மீண்டும் திரும்பினாள்; மூன்றாம் முறையும் திரும்பினாள். என் ஐயம் அகன்றது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வகுப்பில் வினா எழுப்பி, ஐந்து எண்ணுவதற்குள் விடை வராவிட்டால், "உட்கார், அடுத்தவன்" என்று சொன்னவன் நான். விடையை நோக்கி வந்துகொண்டிருந்த எத்தனை பிள்ளைகளைப் பாதி வழியில் உட்காரவைத்தேனோ!

எங்கள் பகுதிக்கு இத்துறையில் ஒரு மரபுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பயன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத குறைபாடுடைய 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது.

பொம்மை முதற்படியே. நான் செய்தால் ஒன்று நிகழும் என்று அறிந்த குழந்தை, அதே ஸ்விச்சால் மணியடித்துத் தாயை அழைக்கலாம். கணினித் திரையில் ஒவ்வொன்றாக ஒளிரும் படங்களுள் வேண்டியதைத் தேர்ந்து, தன் கருத்தைத் தெரிவிக்கலாம்.

மாணவர்களே, நீங்களும் இதைச் செய்யலாம். ஆனால் மின்கலத்தில் இயங்கும் பொம்மையை மட்டுமே தொடுங்கள். வீட்டு மின்சாரத்தில் சேர்க்கும் எதையும் தொடாதீர்கள். ஈயப்பற்று வைக்கையில் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். சிறு பொத்தான் மின்கலம் குழந்தையின் வாய்க்கு எட்டக்கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எல்லாம் முடிந்தபின், குழந்தையின் முன் அமர்ந்து பொறுமையாகக் காத்திருங்கள். அப்போது உங்கள் கை பொம்மையை நோக்கி நீளாதிருக்கட்டும்.